மருந்து கேட்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்க

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம். செஞ்சிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன 4 ஏக்கரில், கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரில் மிளகாய் நட்டிருந்தேன். அப்போது நான் இயற்கை விவசாயத்துக்கு முழுசா வந்திருக்கவில்லை. பாதி எரு, பாதி உரம் என்று ஓடிக்கொண்டிருந்தது. நட்டு 40 நாள் இருக்கும், கொழுந்து இலையெல்லாம் சுருள ஆரம்பித்தது. நாலு இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பையைப் பிரிக்கக்கூட இல்லை. "சுருட்டைதானே மேனேஜர் சார்? இதை அடிங்க, மூணே நாள்ல தெளிஞ்சிடும்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். அடித்தேன். தெளியவில்லை. பத்து நாள் கழித்து, "இது அதைவிட பவர்" என்று வேறொன்று கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டையும் கலந்து ஒரு தெளிப்பு. ஆள் கூலியோடு சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் போனது. சுருட்டை முன்னைவிட அதிகமாகி, பூ கொட்டி, செடி குட்டையாக நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கே பூச்சியியல் பார்க்கும் மேடம் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் அவர் கேட்டது இதுதான்: "சார், இலை மேல் பக்கமா சுருண்டிருக்கா, கீழ் பக்கமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாசமா தினம் பார்த்த செடி!

அவர் இலையைத் திருப்பி, கை லென்ஸை வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் பொட்டுப் பொட்டாக மஞ்சளாய் ஏதோ ஊர்ந்தது. சிலந்திப்பேன். மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் இலை ஓரம் மேல்நோக்கி மடங்கி, படகு மாதிரி இருக்கும். சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகு மாதிரி ஆகும், இலைக் காம்பும் நீண்டு போகும். வைரஸால் வரும் சுருட்டை இன்னொரு ரகம். மூன்றையும் நாம் 'சுருட்டை' என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்.

எனக்குக் கிடைத்தது இலைப்பேனுக்கான மருந்து. சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, அதற்கு எட்டுக் கால். பல பூச்சிக்கொல்லிகள் அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்கிற நன்மை செய்யும் உயிர்களை மட்டும் கொன்றுவிடும். அதனால்தான் அடிக்க அடிக்க அதிகமானது. நான் காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறேன்.

சொல்பவரும் விற்பவரும் ஒருவரே என்றால்

34 வருஷ வங்கி வேலையில் பாதி, கிராமக் கிளைகளில் பயிர்க்கடன் மேசையில் கழிந்தது. அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர்தான் சரிபார்க்க வேண்டும். மேக்கர், செக்கர் என்போம். ஆளை நம்பாததால் வந்த விதி இல்லை இது. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் நல்லவருக்கும் கண் மறைக்கும் என்பதால் வந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பணிக்காலத்தின் கடைசி வருஷங்களில் காப்பீடு விற்கச் சொல்லி எங்களுக்கு இலக்கு கொடுத்தார்கள். அதுவரைக்கும் "உங்களுக்கு இது தேவையா?" என்று கேட்ட நான், அதற்கப்புறம் "இதையும் போட்டுடுங்களேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதே மேசை, அதே ஆள்தான். ஆலோசனை மட்டும் கோணலாகிப் போச்சு. அதனால் மருந்துக் கடைக்காரரை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. காலை 7 மணிக்கே கடையைத் திறக்கிறார், அறுவடை வரைக்கும் கடன் சொல்லிக் கொடுக்கிறார், கேட்ட கேள்விக்கு உடனே பதில் வைத்திருக்கிறார். வேறு யார் இருக்கிறார்கள் நமக்கு?

2003-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு விவசாயிகளிடம் இதைத்தான் கேட்டது. 100 குடும்பத்தில் சுமார் 40 குடும்பத்துக்குத்தான் ஏதாவது ஒரு வழியில் தொழில்நுட்பத் தகவல் கிடைத்திருந்தது. இடுபொருள் விற்பவரிடம் கேட்டவர்கள் 100-க்கு 13. அரசு விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 6 பேருக்கும் குறைவு. அதே 2003-ல் ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் இடுபொருள் வணிகர்களுக்கு ஒரு வருஷப் பட்டயப் படிப்பு தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனா படித்துவிட்டு வந்தாலும், "உங்களுக்கு மருந்தே தேவையில்லை" என்று சொன்னால் அன்றைக்குக் கல்லாவில் காசு விழாது என்பது மாறப்போவதில்லை.

2004-லிருந்து கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். விலை, பருவம், திட்டம் பற்றிக் கேட்க உதவும். ஆனால் போனில் இருப்பவரால் நம்ம தோட்டத்து இலையைத் திருப்பிப் பார்க்க முடியாதே!

சந்தையில் ஒரு மேசை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. தென் அமெரிக்காவில் பொலிவியா என்ற நாடு. மலைக்காட்டுச் சிறு விவசாயிகள். அங்கே 2000-ஆம் ஆண்டில் ஒரு எளிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மனுஷனுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பது மாதிரி பயிருக்கும் ஒன்று. கட்டடம் கிடையாது. சந்தை கூடும் நாளில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பேனர், லென்ஸ், கத்தி. விவசாயி நோய் வந்த செடியைக் கொண்டுவருகிறார், பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சொல்கிறார். கட்டணம் இல்லை, அந்த மேசையில் விற்பனையும் இல்லை.

இதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் தொடங்கினார்கள். 2011-ல் சி.ஏ.பி.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு 'பிளான்ட்வைஸ்' என்ற பெயரில் இதைப் பெரிய திட்டமாக்கியது. கென்யா, உகாண்டா, நேபாளம், இலங்கை என்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. பெரும்பாலும் அந்தந்த நாட்டு வேளாண் அலுவலர்களையே 'பயிர் மருத்துவர்' ஆக்கி உட்கார வைத்தார்கள். நம்ம பக்கத்தில் சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2012 முதல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதே முறையில் பயிர் மருத்துவ முகாம்களை நடத்தியிருக்கிறது.

அந்த மேசையில் நடப்பதில் மூன்று விஷயம் எனக்குப் பிடித்தது.

முதலாவது, கேள்வி கேட்கும் வரிசை. எப்போ ஆரம்பிச்சது? ஒரு செடியா, ஒரு வரிசையா, வயல் முழுக்கவா? மேட்டிலா பள்ளத்திலா? என்ன தெளிச்சீங்க, பக்கத்து வயல்ல என்ன தெளிச்சாங்க? இதையெல்லாம் கேட்டு, இது பூச்சியா, பூஞ்சாணமா, பாக்டீரியாவா, வைரஸா, நூற்புழுவா, அல்லது சத்துக் குறைவா, களைக்கொல்லி பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். பெயர் நிச்சயமான பிறகுதான் வைத்தியம்.

இரண்டாவது, பரிந்துரைப் பட்டியல். பச்சை, மஞ்சள் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் வருமுன் காப்பது, கண்காணிப்பது, கையால் பொறுக்குவது, பொறி வைப்பது, உயிரியல் முறை. மஞ்சளில் கட்டுப்பாட்டோடு ரசாயனம். மிகக் கொடிய நஞ்சுகளை எழுதவே கூடாது. மஞ்சள் பட்டியலில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் பச்சையை முடித்துவிட்டுத்தான் மஞ்சளுக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்க, அந்த ஒழுங்கு நம்ம ஊர்க் கடையில் கிடையாது.

மூன்றாவது, பதிவு. வந்தவர் ஊர், பயிர், அறிகுறி, என்ன நோய், என்ன சொன்னோம், எல்லாம் படிவத்தில் ஏறும். வங்கிக்காரனுக்கு லெட்ஜர் என்றால் ஒரு பிரியம் உண்டு என்று சிரிக்காதீங்க. பத்து ஊர் மேசையிலும் ஒரே வாரத்தில் ஒரே அறிகுறி ஏறினால், புதுசா ஏதோ வந்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பெயர் தெரிந்ததால் பிழைத்த பயிர்கள்

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது. மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவியது. உடம்பில் மெழுகு மாதிரி மாவு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. விவசாயிகள் மாற்றி மாற்றி அடித்தார்கள். போகவில்லை. அது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர் நிச்சயமான பிறகுதான் வழி திறந்தது. 2010-ல் பெங்களூரு பூச்சி வள நிறுவனத்தின் முயற்சியால் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். வேளாண் பல்கலைக்கழக நிலையங்களில் பெருக்கி வயல்களில் விட்டார்கள். மருந்துக்கு அடங்காதது குளவிக்கு அடங்கியது. மருந்தை நிறுத்தாத வயலில் குளவியும் செத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரிய பாடம். 2020-ல் கேரளாவில் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் மறுபடியும் மாவுப்பூச்சி. சேலம், நாமக்கல் வரைக்கும் வந்தது. 'பழைய மாவுப்பூச்சிதான், பழைய குளவியை விடலாம்' என்று நினைத்தால் வேலைக்கு ஆகியிருக்காது. இது வேறு இனம், மரவள்ளி மாவுப்பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைச் சூறையாடியது இதுதான். அங்கே கோடிக்கணக்கான ஏழைகளின் சோறே மரவள்ளிக் கிழங்கு. ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானி தலைமையில், பராகுவே நாட்டில் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டுப் பூச்சியை அடக்கினார்கள். அதற்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளை மாவு. இரண்டுக்கும் வெவ்வேறு குளவி. அந்த வித்தியாசத்தைக் கண்டு சொன்ன ஆளால்தான் பயிர் பிழைத்தது. எந்தக் கடையிலும் இந்தக் குளவிகள் விற்கவில்லை என்பதையும் கவனியுங்க.

நம்ம பக்கத்துத் தப்பு

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். முழுசா இயற்கைக்கு மாறி மூணாவது வருஷம், கத்திரிச் செடிகள் பச்சையாக இருக்கும்போதே மதியம் துவண்டு, இரண்டே நாளில் நின்றபடி காய்ந்தன. நம்ம வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன். அரை மணி நேரத்தில் 14 பதில். பஞ்சகவ்யா தெளிங்க, மீன் அமிலம் குடுங்க, ஐந்திலைக் கரைசல் அடிங்க, சூடோமோனாஸ் ஊத்துங்க. ஒருத்தர்கூட "செடியைப் பிடுங்கினீங்களா, வேர் எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. பையைப் பிரிக்காத கடைக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பாட்டிலுக்குப் பதில் டிரம், அவ்வளவுதான்.

பத்து நாள் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன். அதற்குள் கால் பங்கு செடி போச்சு. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து தண்டை அடியில் சாய்வாக வெட்டினார். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படுகிற மாதிரி அசையாமல் பிடித்தார். சில நிமிஷத்தில் பால் மாதிரி மெல்லிய இழை இறங்கியது. "பாக்டீரியா வாடல் சார். இலையில எதைத் தெளிச்சாலும் பிரயோஜனம் இல்ல. பிடுங்கி எரிங்க. இந்தத் தண்ணி அடுத்த பாத்திக்குப் போகாம பாருங்க. இந்த இடத்துல கொஞ்ச வருஷத்துக்குக் கத்திரி, தக்காளி, மிளகாய் வேண்டாம். நெல்லோ சோளமோ போடுங்க" என்றார்.

இந்தச் சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத் தவிர செலவில்லை. இழை இறங்காமல், தண்டின் உள்ளே பழுப்பாக இருந்தால் பூஞ்சாண வாடலாக இருக்கலாம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மூன்றிலும் செடி வாடித்தான் சாகும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

பஞ்சகவ்யாவை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் தெளிக்கிறேன். மண்ணும் பயிரும் தெம்பாக இருக்க நாம் செய்கிற வேலை வேறு, வந்த நோயைக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவதை நன்றாகக் கற்றுக்கொண்டோம், இரண்டாவதில் அசட்டையாக இருக்கிறோம். இயற்கை விவசாயத்தை நம்பி முதல் வருஷம் வந்தவர், இப்படி ஒரு தப்பான ஆலோசனையால் பயிரைத் தொலைத்தால் "இயற்கை வேலைக்கு ஆகாது" என்று திரும்பிப் போய்விடுவார். அந்த நஷ்டம் நம்ம கணக்கில்தான் எழுதப்படும்.

இந்தோனேசியாவில் புகையான் நெல்லை அழித்தபோது, 1986-ல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. அதோடு விடவில்லை. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தினார்கள். வாரம் ஒருமுறை விவசாயிகள் வயலில் இறங்கி, தூரைப் பிரித்துப் புகையான் எத்தனை, அதைத் தின்னும் சிலந்தி எத்தனை என்று எண்ணி, படம் வரைந்து, அவர்களே முடிவெடுத்தார்கள். மருந்தைத் தடுத்தவர்கள் கண்ணையும் பழக்கினார்கள். இரண்டாவது பாதியைத்தான் நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

பயிர் மருத்துவ முகாம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். வெளிப் பணத்தில் நடக்கும் மேசை, திட்டம் முடிந்தால் மடக்கி வைக்கப்படும். பல நாடுகளில் பெண்கள் குறைவாகவே வந்தார்கள். களை எடுக்கும்போது நோயை முதலில் பார்ப்பது அவர்கள்தான், ஆனால் சந்தை நேரமும் தூரமும் அவர்களுக்கு ஒத்து வரவில்லை. அதனால் மேசை போடும் இடத்தையும் நேரத்தையும் முதலில் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யணும்.

நமக்கு 1999 முதல் உழவர் சந்தைகள் இருக்கின்றன. வாரச் சந்தைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவராவது இருப்பார். வேளாண்மை படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு மேசை போதும். இரண்டு விதி மட்டும் கறாராக இருக்கட்டும். அந்த மேசையில் எதுவும் விற்கக் கூடாது, பஞ்சகவ்யாவும்தான். வந்தது எல்லாம் நோட்டில் ஏறணும். தெரியாத நோய் என்றால் "தெரியலை" என்று எழுதி, மாதிரியை வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பணும்.

செடி கொண்டுவருபவர்கள் கவனிக்க:

* இலையை மட்டும் கிள்ளாமல் முழுச் செடியை வேரோடு, கொஞ்சம் மண்ணோடு கொண்டுவாங்க. நோயில்லாத செடி ஒன்றும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.
* செத்துக் காய்ந்ததை விட, இப்போதான் நோய் தொடங்கிய செடி நல்லது.
* காகிதத்தில் சுற்றி எடுத்து வாங்க. ஈரத்தோடு பாலித்தீன் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகி, இருக்கிற நோய் மறைந்துவிடும்.
* திரும்பிப் போகும்போது அந்தச் செடியை வரப்பில் வீசாதீங்க. எரித்துவிடுங்க.
* கடைசி ஒரு மாதத்தில் தெளித்தது, ஊற்றியது எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாங்க.
* 10 மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒரு பாட்டில் மருந்தைவிட விலை குறைவு.

என் மிளகாய் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மேடம் சொன்னபடி மற்றதை எல்லாம் நிறுத்தி, நனையும் கந்தகம் தெளித்தேன். இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டதுதான். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடணும். புதுக் கொழுந்து நேராக வந்தது. ஆனால் தாமதம் தாமதம்தான், பாதி மகசூல் போனது போனதுதான்.

போன ஆனியிலிருந்து எங்க ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வேப்ப மரத்தடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அந்த ஓய்வு பெற்ற அலுவலர், வேளாண் பட்டயம் படித்த ஒரு தம்பி, நோட்டு எழுத நான். முதல் மாசம் ஒரு வயசான அம்மா வெண்டைச் செடி கொண்டுவந்தார். மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்.

"வந்த செடிக்கு மருந்து கிடையாதும்மா. பிடுங்கிடுங்க. மீதிச் செடிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைங்க, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிங்க" என்றோம்.

"மருந்து இல்லேன்னு சொல்றதுக்கா தம்பி மூணு பேரு உக்காந்திருக்கீங்க?" என்று கோபமாக எழுந்து போனார். நேராகக் கடைக்குத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது. பொட்டலம் எதுவும் தராத வைத்தியரை நம்புவது கஷ்டம்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். "அடிச்சும் போவல தம்பி. எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அடுத்த பட்டத்துக்கு இது வராத விதை எது, அதைச் சொல்லு" என்றார். எங்கள் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு வரி இருக்கிறது. முதல் வரியில் நாங்கள் சொன்னது. இரண்டாவது வரியில் அவர் கேட்ட கேள்வி.

உங்க ஊரில் இப்படி ஒரு மேசை போட நினைப்பவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாங்க. எங்கள் நோட்டையும், அதில் நாங்கள் தப்பாகச் சொன்னதையும் சேர்த்தே கொண்டுவருகிறேன்.